ஒரே காயில் 2,000 நாற்று: இதில் மரபுப் பன்மை எவ்வளவு?

நிழல்வலை | ஜூன் 3, இரவு 9.40

ரிங்கோஸ்டைலிஸ் ரெடூசா, மரத்தில் வளரும் ஆர்க்கிட். ஒரே காய், பச்சையாக அறுத்து ஆய்வகக் குடுவையில் விதைத்தது. இப்போது 84 குடுவை, உத்தேசமாக 2,000 நாற்று. மெரிஸ்டம் கல்ச்சர் (தண்டு நுனியிலிருந்து நகல் எடுப்பது) கிடையாது, எல்லாமே விதையிலிருந்து வந்தவை. ஒவ்வொரு விதையும் தனி மரபு என்றால், மலையில் மரங்களில் கட்ட 2,000 வெவ்வேறு செடி கையில் இருக்கிறது என்றுதானே பொருள்? குளோன் நாற்றைக் காட்டில் வைக்காதே என்பவர்கள் விதை நாற்றையும் ஏன் சேர்த்துத் திட்டுகிறார்கள்?

அகர்அகர் | ஜூன் 3, இரவு 10.15

எந்தச் செடியின் மகரந்தம் வைத்தது? அதைச் சொல்லாமல் 84 குடுவையைப் பற்றிப் பேச முடியாது.

நிழல்வலை | ஜூன் 4, காலை 6.50

அதே கொத்தில் வேறொரு பூவிலிருந்து எடுத்தது. ஒரு கொத்தில் நூறு பூவுக்கு மேல் இருக்கும். வேறு வேறு பூதானே, அண்ணா.

கணக்குப்பிள்ளை | ஜூன் 4, காலை 8.05

பூ வேறு, செடி ஒன்று. அப்படியானால் அது செல்ஃப், அதாவது செடி தன்னோடு தானே கலந்தது. அந்தக் கொத்தின் நூறு பூவும் ஒரே மரபின் நூறு நகல். எந்தப் பூவிலிருந்து எடுத்து எதில் வைத்தாலும் தாயும் தந்தையும் ஒரே செடிதான்.

2,000 நாற்றும் ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பது உண்மை. ஆனால் சீட்டுக்கட்டை எத்தனை முறை கலைத்துப் போட்டாலும் கட்டில் இல்லாத சீட்டு கைக்கு வராது. ஒரு செடியிடம் ஒவ்வொரு மரபணுவிலும் அதிகபட்சம் இரண்டு வகைதான் இருக்கும். மலையிலுள்ள செடிகளில் அந்த மரபணுவின் 100 பிரதிக்கு 5 என்ற அளவில் இருக்கும் ஓர் அரிய வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அது இந்தச் செடியிடம் இல்லாமல் போக வாய்ப்பு 0.95-இன் இருமடி, அதாவது 90%. உறவில்லாத இரண்டு செடிகளைக் கலந்திருந்தால் நான்மடி, 81%. பத்துச் செடி என்றால் 36%. முப்பது செடி என்றால் 5 சதவீதத்துக்கும் கீழே. விதை வங்கிக்காரர்கள் குறைந்தது 30 தாய்ச்செடி, முடிந்தால் 50 என்று கேட்பது இந்தக் கணக்கால்தான்.

இந்தக் கணக்கில் குடுவை எண்ணிக்கை எங்கும் வரவில்லை, கவனியுங்கள்.

அகர்அகர் | ஜூன் 4, காலை 8.30

ஆர்க்கிடில் இந்த ஏமாற்றம் அதிகம். மற்றப் பயிரில் ஒரு காயில் பத்து விதை, அதனால் நிறைய விதை வேண்டுமென்றால் நிறையக் காய் பறித்தாக வேண்டும், பன்மையும் தானாக வந்து சேரும். ஆர்க்கிடில் அந்தத் தொடர்பே அறுந்துவிடுகிறது. டார்வின் புத்தகத்தில் ஒரு மாக்ஸிலாரியா காய்க்கு 17,56,440 விதை என்று கணக்கு இருக்கிறது. மகரந்தமும் தூளாக இல்லாமல் பொலினியா என்ற கட்டியாக ஒட்டுமொத்தமாகப் போய் உட்காருகிறது. ஆக, லட்சம் பிள்ளைக்கும் ஒரே தகப்பன்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 4, பகல் 1.20

"ஒரே தகப்பன்" என்பதை ரிங்கோஸ்டைலிஸ், வாண்டா, டென்ட்ரோபியம் மாதிரிக் கெட்டிப் பொலினியா உள்ளவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லா ஆர்க்கிடுக்கும் பொருந்தாது. ஹபநேரியா, டாக்டைலோரைசா போன்ற தரை ஆர்க்கிடுகளில் பொலினியா சிறு சிறு பொட்டலமாக உடையும். பூச்சி இரண்டு மூன்று செடிகளுக்குப் போய் வந்தால் ஒரு காயிலேயே இரண்டு மூன்று தந்தை கலக்கலாம். பாஃபியோபெடிலத்தில் மகரந்தம் பசைபோல இருக்கும், அங்கும் இது நடக்கக்கூடும்.

இதைப் படித்துவிட்டு ஐந்து செடியின் மகரந்தத்தை ஒரே பூவில் அப்பிவிடாதீர்கள். ஐந்தும் சமமாகப் பங்கு பெறாது. மகரந்தக் குழல் வேகமாக வளரும் ஒன்று முக்கால்வாசி விதையைப் பிடித்துக்கொள்ளும். எது பிடித்தது என்று வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. ஐந்து தந்தை வேண்டுமென்றால் ஐந்து பூ, ஐந்து காய், தாய் தந்தை எழுதிய ஐந்து பெயர்ச்சீட்டு.

நிழல்வலை | ஜூன் 4, இரவு 9.10

சரி, மண்டையில் ஏறிவிட்டது. 84 குடுவையை என்ன செய்வது என்பதை அப்புறம் கேட்கிறேன். அடுத்த பூப்புக்கு: ஒரே பலா மரத்தில் ஆறு குத்து இருக்கிறது. ஆறையும் ஒன்றோடொன்று கலந்தால் ஆறு பெற்றோர் கணக்கு வருமா?

கணக்குப்பிள்ளை | ஜூன் 5, காலை 7.45

வராது. ஆர்க்கிட் விதை காற்றில் வெகுதூரம் போகும் என்று படித்திருப்பீர்கள். போகும்தான், ஆனால் பெரும்பகுதி தாய்ச்செடிக்குப் பக்கத்திலேயே விழும். பூஞ்சையும் அந்த மரப்பட்டையில் ஏற்கெனவே இருக்கும். ஆக ஒரே மரத்து ஆறு குத்தும் தாய், மகள், உடன்பிறப்பு என்று ஒரு குடும்பமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே செடி உடைந்து இரண்டு குத்தாக நிற்பதும் உண்டு. மரத்துக்கு ஒன்று எடுங்கள். மரங்களுக்கு நடுவே தூரம் விடுங்கள், ஆனால் அதே மலை, அதே உயரம். வேறு மாவட்டத்துச் செடியைக் கொண்டுவருவது தனிக் கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

காட்டிலிருக்கும் செடி என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் மகரந்தம்கூட எடுக்கக் கூடாது.

அகர்அகர் | ஜூன் 6, மாலை 5.00

தம்பி, கலப்பை இப்படிச் செய். இதை வளையம் என்போம்.

பன்னிரண்டு செடி இருந்தால் 1-இன் மகரந்தம் 2-க்கு, 2-இன் மகரந்தம் 3-க்கு, இப்படியே போய் 12-இன் மகரந்தம் 1-க்கு. ஒவ்வொரு செடியும் ஒரு முறை தாய், ஒரு முறை தந்தை. பன்னிரண்டு காய். யாருக்கும் கூடுதல் பங்கு இல்லை. பலர் செய்வது என்னவென்றால், கொத்து நீளமாக இருக்கும் ஒரு "ராஜா" செடியின் மகரந்தத்தை எடுத்துப் பன்னிரண்டு செடிக்கும் வைப்பது. காயும் பன்னிரண்டு வரும், பார்க்கவும் அழகாக இருக்கும். பன்மைக் கணக்கு என்ன வரும் என்று கணக்குப்பிள்ளை சொல்லட்டும்.

எல்லாச் செடியும் ஒரே வாரத்தில் பூக்காது. அதனால் பொலினியாவைச் சேமிக்க வேண்டும். பூ விரிந்து மூன்று நான்கு நாள் ஆனதும் பல்குத்தியால் மகரந்த மூடியைத் தூக்கினால் பொலினியா காம்போடு ஒட்டிக்கொண்டு வரும். மூடியை அகற்றிவிடு, பூஞ்சணம் அதில்தான் பிடிக்கும். பொலினியாவைச் சிறு காகித மடிப்பில் வைத்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் ஒரு நாள் உலர்த்தி, பிறகு டப்பாவோடு ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வை. சில மாதம் தாங்கும். எடுத்து வைக்கும்போது டப்பாவை மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிடு. குளிரோடு திறந்தால் ஈரம் படிந்து வீணாகும். காகித மடிப்பின் மேல் செடி எண், தேதி. பென்சிலில் எழுது. பேனா மை ஈரத்தில் ஓடிவிடும்.

ஒரு கொத்தில் இரண்டு மூன்று காய்க்கு மேல் விடாதே. வாண்டா கூட்டத்துக் காய் முற்ற மாதக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் செடிதான் சோறு போட வேண்டும்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 6, மாலை 6.30

ராஜா கணக்கு, அதாவது மரபளவில் எத்தனை பெற்றோருக்குச் சமம் என்ற கணக்கு: தந்தை 1, தாய் 12. நான்கு பெருக்கல் 1 பெருக்கல் 12, வகுத்தல் 13. விடை 3.7. ஆக, பன்னிரண்டு காயிலிருந்து வந்த கூட்டம் மரபளவில் நான்கு செடிக்கும் குறைவான பெற்றோரிடமிருந்து வந்த கூட்டம்போல நடந்துகொள்ளும். தாய்களை 100 ஆக்கினாலும் இந்த எண் 4-ஐத் தாண்டாது.

நிழல்வலை | ஜூன் 6, இரவு 10.00

ராஜாவுக்கு ஓய்வு கொடுத்தாச்சு.

கணக்குப்பிள்ளை | ஜூன் 8, காலை 7.15

4-ஆம் தேதிக் குறிப்பில் ஒன்று விட்டுப்போனது. தனிச் செய்தியில் ஒருவர், "என் நாற்றுகளை டி.என்.ஏ. மார்க்கர் வைத்துப் பார்த்தேன், இரட்டை வகை விகிதம் (ஒரு மரபணுவில் இரண்டு வெவ்வேறு வகை இருக்கும் அளவு) காட்டுச் செடியைவிட அதிகம், ஆகவே பன்மை பத்திரம்" என்று எழுதியிருக்கிறார். இங்கேதான் வழுக்கும்.

உறவில்லாத இரண்டு செடிகளின் நேர்ப் பிள்ளைகளில் ஒவ்வொரு நாற்றும் தனித்தனியாக ஆரோக்கியமாகவே இருக்கும். முதல் தலைமுறையில் உள்ளினக் கலப்பு (உறவுக்குள் கலந்ததன் அளவு) பூஜ்யம். ஆனால் அந்தக் கூட்டத்தின் மொத்த மரபுச் சரக்கு ஏற்கெனவே கால்வாசி குறைந்திருக்கும். 1 கழித்தல் நான்கில் ஒன்று, மீதி 75%. இந்த நட்டம் முதல் தலைமுறையில் கண்ணுக்குத் தெரியாது. அந்த நாற்றுகள் காட்டில் பூத்து அண்ணன் தங்கை கலந்து, அடுத்த தலைமுறையில் 0.25 உள்ளினக் கலப்பாக வெளியே வரும். செல்ஃப் காயில் இந்தத் தள்ளிப்போடலும் கிடையாது, முதல் தலைமுறையிலேயே 0.5.

ஆகவே இரட்டை வகை விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை வகை மிச்சம் என்று எண்ணுங்கள். அரிய வகைகள்தான் முதலில் போகும், அந்த எண்தான் முதலில் விழும்.

அகர்அகர் | ஜூன் 8, பகல் 12.40

மார்க்கர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஆய்வகங்களில் ஐ.எஸ்.எஸ்.ஆர், ஆர்.ஏ.பி.டி. என்ற மார்க்கர் முறைகளில் டி.என்.ஏ. பட்டைகள் எடுத்து "வேறுபாடு இல்லை, தரம் உறுதி" என்று எழுதுவது வழக்கம். அது குளோனுக்கான சோதனை. குளோனில் எல்லாம் ஒன்றாக இருந்தால் வெற்றி, காட்டுக்குப் போகும் விதை நாற்றில் அதே முடிவு தோல்வி. தவிர, இவ்விரண்டிலும் ஒரு பட்டை தெரிந்தால் அந்த வகை ஒரு பிரதியா இரண்டு பிரதியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மைக்ரோசாட்டிலைட் என்ற மார்க்கர் எடுத்தால் பிரியும், ஆனால் அந்த இனத்துக்கென்று பிரைமர் (டி.என்.ஏ. நகலெடுப்பைத் தொடங்கும் துண்டு) வேண்டும், செலவு பிடிக்கும். காசு இல்லையா, காய்ச் சீட்டைப் பத்திரமாக வைத்தாலே பாதிச் சோதனை முடிந்த மாதிரி.

சீமைப்பூ | ஜூன் 9, இரவு 11.50

லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிடின் கதை இந்த இடத்துக்குப் பொருந்தும். சிப்ரிபீடியம் கால்சியோலஸ், பிரிட்டனில். பறித்துப் பறித்தே அழிந்துவிட்டது என்று முடிவு கட்டியிருந்தார்கள். 1930-இல் யார்க்‌ஷையரில் ஒரே ஒரு செடி கிடைத்தது. இடத்தைப் பல பத்தாண்டு ரகசியமாக வைத்துக் காவல் காத்தார்கள். 1983-இல் கியூ தோட்டத்தில் சைன்ஸ்பரி ஆர்க்கிட் திட்டம் தொடங்கிய பிறகு, அதன் விதையை ஆய்வகத்தில் முளைக்கவைத்து நாற்றைப் பழைய இடங்களில் நட்டார்கள்.

அவர்கள் முன்னால் இருந்த கேள்வி இந்த இழையின் கேள்விதான். காட்டில் ஒரே செடி. செல்ஃப் செய்தால் விதை கிடைக்கும், பன்மை கிடைக்காது. பழைய தோட்டங்களில் எப்போதோ உள்நாட்டுக் காட்டிலிருந்து பெயர்த்து வைத்த செடிகள் இருந்தன. அவற்றையும் கலப்பில் சேர்த்தார்கள். ஆனால் அவற்றில் எது அசல் பிரிட்டன் செடி, எது ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று டி.என்.ஏ. வைத்துப் பிரிக்க வேண்டியிருந்தது. தோட்டச் செடிக்கு ஊர்ச் சீட்டு இல்லாததால் வந்த வினை.

செய்முறையில் ஒன்று: இந்த இனத்தில் முற்றிய விதை முளைக்க மறுக்கும். விதையுறை கெட்டியாகித் தண்ணீர் விடாது. மகரந்தம் வைத்து ஏழெட்டு வாரத்தில், காய் பச்சையாக இருக்கும்போதே அறுத்து இருட்டில் விதைக்க வேண்டும். முளைத்த பிறகு இரண்டு மூன்று மாதம் 4, 5 டிகிரி குளிர் காட்டினால்தான் தளிர் எழும்பும்.

நிழல்வலை | ஜூன் 10, காலை 6.20

அக்கா, நம் பக்கத்தில் அதே கதை பாஃபியோபெடிலம் ட்ரூரியைதானே? அகத்தியமலை?

சீமைப்பூ | ஜூன் 10, பகல் 3.30

ஆமாம். 1865-இல் கர்னல் ட்ரூரி திருவிதாங்கூர் மலையில் கண்டது, அகத்தியமலைத் தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. நூறாண்டுக்கு மேல் கண்ணில் படாமல் இருந்து 1972-இல் மறுபடி கிடைத்தது. கிடைத்த கையோடு சாக்குச் சாக்காகப் பறித்தார்கள். பாலோடு தாவரவியல் தோட்டத்து ஆய்வகத்தில் விதையிலிருந்து நாற்று எடுத்திருக்கிறார்கள். பாஃபியோபெடிலம் முழுதும் சைட்டஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது, நம் வனவிலங்குச் சட்டத்திலும் பாதுகாக்கப்பட்டது. உலகச் சந்தையில் விற்கும் ட்ரூரியை நாற்று வாங்கிக் காட்டில் வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எந்தத் தாய், எந்தத் தந்தை, எத்தனையாவது தலைமுறை என்ற சீட்டு இல்லாத நாற்று அது. தட்டையான இதழ், அடர் மஞ்சள் என்று தோட்டக்காரன் கண்ணுக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்த வரிசையாகவும் இருக்கலாம். ஜன்னலோரத்துக்குச் சரி, அகத்தியமலைக்கு ஆகாது.

அகர்அகர் | ஜூன் 12, மாலை 4.10

இதுவரை பேசியதெல்லாம் பூவில் இழப்பது. குடுவைக்குள் இழப்பது தனிக் கணக்கு. அது ஆய்வகக்காரன் கையால் நடப்பது, அதனால் யாரும் எழுதமாட்டார்கள்.

முதலாவது, கலந்து கழுவுவது. பன்னிரண்டு காய் விதையையும் ஒரே குழாயில் போட்டு ப்ளீச் செய்தால் வேலை மிச்சம், சீட்டு போச்சு. காய்க்கு ஒரு வடிதாள் பொட்டலம் மடி, பென்சிலில் எண் எழுது, ஸ்டேப்பிள் போடு. கடை ப்ளீச்சில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5% இருந்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், ஒரு சொட்டு ட்வீன் 20, பத்து நிமிடம். பிறகு கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறை அலசு. ட்வீன் இல்லையென்றால் விதை நனையாமல் மிதக்கும், மிதப்பதில் காற்றுக் குமிழியோடு பூஞ்சணமும் தங்கும். பச்சைக் காய் என்றால் இந்த வம்பு இல்லை: சோப்புப் போட்டுத் தேய்த்து, ஆல்கஹாலில் முக்கி, லேமினாருக்குள் (கிருமி வடிகட்டிய காற்று வரும் மேசை) தீயில் காட்டி அறுத்தால் போதும்.

இரண்டாவது, அடர்த்தி. குடுவையில் விதையை மாவு தூவியதுபோல் கொட்டினால் முதலில் முளைத்த நூறு, மீதி ஆயிரத்தை அமுக்கிவிடும். விதைக்கும் முன் நுண்ணோக்கியில் நூறு விதை எண்ணிப் பார். உறைக்குள் கரு இருப்பது எத்தனை, வெறும் உறை எத்தனை? செல்ஃப் காயில் வெறும் உறை கூடுதலாக இருப்பது சகஜம். உயிர் இருக்கிறதா என்று பார்க்க டெட்ராசோலியம் 1% கரைசலில் ஒரு நாள் இருட்டில் வைத்தால் உயிருள்ள கரு சிவக்கும். அந்தக் கணக்கை வைத்துக் காய்க்குக் காய் எவ்வளவு தூவுவது என்று முடிவு செய்.

மூன்றாவதுதான் பெரிது. நாளை எழுதுகிறேன், ஆட்டோகிளேவ் கூப்பிடுகிறது.

அகர்அகர் | ஜூன் 13, காலை 9.00

மூன்றாவது, ரீபிளேட், அதாவது புதுக் குடுவைக்கு மாற்றுவது. 70, 80 நாளில் குடுவையைத் திறந்தால் சில புரோட்டோகார்ம் (விதை முளைத்ததும் வரும் சிறு உருண்டை) இலை விட்டிருக்கும், சில பச்சைப் பொட்டாக இருக்கும், சில வெள்ளையாக அப்படியே கிடக்கும். கை தானாகப் பெரியதை எடுக்கும். மீதி குப்பைக்கு. இதை மூன்று ரீபிளேட் செய்தால், சர்க்கரை, அகர், 25 டிகிரி, டியூப் லைட் ஆகியவற்றுக்கு ஒத்துப்போகிற நாற்றை மூன்று முறை சல்லடை போட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மரப்பட்டையில் மூன்று மாத வறட்சிக்கு எது தேவையோ, அதை இந்தச் சல்லடை பார்ப்பதில்லை. மெதுவாக முளைப்பது காட்டில் பலமாகக்கூட இருக்கலாம்.

செய்ய வேண்டியது: பெரிது, நடுத்தரம், சிறிது மூன்றிலிருந்தும் எடு. தாய்க் குடுவையைத் தூக்கி எறியாதே, இன்னும் ஆறு மாதம் வை. பாஃபியோபெடிலத்தில் சில விதை இரண்டாம் மாதம் முளைக்கும், சில எட்டாம் மாதம். முடிந்தால் ஒவ்வொரு காயையும் இரண்டு மீடியாவில் (ஊட்டக் கலவையில்) பிரித்துப் போடு, பாதி நட்சன் சி கலவையில், பாதி அரை அளவு எம்.எஸ். கலவையில். ஒன்றில் அடங்கிக் கிடப்பது மற்றதில் எழும்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 13, காலை 10.20

நல்ல இடம். அதோடு குடும்ப அளவைச் சமன் செய்யுங்கள். பத்துக் காயிலிருந்து 1,000 நாற்று. ஒரு காய் நன்றாக முளைத்து 910 தந்தது, மற்ற ஒன்பதும் ஆளுக்குப் பத்து. ஒவ்வொரு பங்கையும் இருமடியாக்கிக் கூட்டி, 1-ஐ அதனால் வகுத்தால் 1.2 வருகிறது. பத்துக் காயின் உழைப்பு, கிடைத்தது ஒண்ணேகால் குடும்பத்துக்கும் குறைவு.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு பெற்றோரிடம் இருக்கும் இரண்டு வகைகளில் ஒன்று ஒரு பிள்ளைக்குப் போகாமலிருக்க வாய்ப்பு பாதி. ஏழு பிள்ளையில் ஒன்றுக்குக்கூடப் போகாமலிருக்க 128-இல் ஒன்று. அதனால் காட்டில் நிலைத்து நிற்பது காய்க்கு ஏழெட்டு இருந்தாலே அந்தப் பெற்றோரின் சரக்கு ஏறக்குறைய முழுதும் வந்து சேர்ந்துவிடும். எட்டாவதுக்கு மேல் எண்ணிக்கை கூடும், பன்மை கூடாது. ஒரு காயில் 2,000 நாற்றைவிட முப்பது காயில் தலைக்கு நாற்பது நாற்று எத்தனையோ மேல்.

நிழல்வலை | ஜூன் 13, இரவு 9.30

நாற்பதில் எட்டு பிழைக்கும் என்கிற கணக்கா?

அகர்அகர் | ஜூன் 13, இரவு 9.45

அதற்கும் உறுதி கிடையாது. குடுவையிலிருந்து எடுத்ததும் வேரிலுள்ள அகரைக் கழுவாமல் விட்டால் ஒரு வாரத்தில் அழுகல் தின்றுவிடும். ஈரப்பதத்தைப் படிப்படியாக இறக்கு. மரத்தில் கட்ட இரண்டு மூன்று வருடமாவது வளர்ந்த செடியாக இருக்கட்டும், தென்மேற்குப் பருவ மழை தொடங்கும்போது கட்டு.

அகர்அகர் | ஜூன் 15, பகல் 2.00

நான்காவது ஒன்றை மறந்துவிட்டேன். அந்த 84 குடுவைக்கு மீடியாவில் என்ன போட்டீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். பி.ஏ.பி. என்ற வளர்ச்சி ஊக்கி? இளநீர்?

நிழல்வலை | ஜூன் 15, மாலை 6.15

ஆய்வகத்தில் இளநீர் 15%, பி.ஏ.பி. 1 மில்லிகிராம் லிட்டருக்கு என்று சொன்னார்கள். முதலில் குறைவாகத்தான் முளைத்தது, பிறகு "நன்றாகப் பெருகியது" என்றார்கள்.

அகர்அகர் | ஜூன் 15, மாலை 6.40

பெருகியது என்ற சொல்லில்தான் சிக்கல். விதை முளைக்கலாம், பெருகாது. பெருகியது என்றால் ஒரு புரோட்டோகார்ம் பக்கத்தில் குட்டி போட்டிருக்கிறது. பி.ஏ.பி. போன்ற சைட்டோகைனின் ஊக்கி அந்த வேலையைச் செய்யும், இளநீரிலும் சைட்டோகைனின் உண்டு. 1960-இல் மோரெல் சிம்பிடியம் நுனியை வளர்த்தபோது கிடைத்ததும் இந்த மாதிரிக் குட்டி போடும் உருண்டைகள்தான், குளோன் தொழிலே அதில் பிறந்தது. ஆக உங்கள் 2,000-த்தில் ஐம்பது விதை நாற்றும் அவற்றின் நகல்களும் இருக்கலாம். விதை நாற்று என்ற பெயரில் குளோன்.

கண்டுபிடிக்க: குடுவையில் நாற்று தனித்தனியாக நிற்கிறதா, ஒரே அடியிலிருந்து கொத்தாக வருகிறதா பார். கொத்தாக இருந்தால் கொத்துக்கு ஒன்று மட்டும் எடு. ஏற்கெனவே பிரித்து ரீபிளேட் செய்திருந்தால் கண்ணால் சொல்ல முடியாது. காட்டு வேலைக்கு மீடியாவில் பி.ஏ.பி. வேண்டாம், அதே வேலையைச் செய்யும் டி.டி.இசட். வேண்டவே வேண்டாம். வாழைப்பழக் கூழ் லிட்டருக்கு 50 கிராம் போதும், வளர்ச்சிக்கு அது உதவும்.

நிழல்வலை | ஜூன் 15, இரவு 10.30

இரண்டாயிரம் என்று தலைப்பில் போட்டது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சீமைப்பூ | ஜூன் 16, இரவு 11.20

கூச்சப்பட வேண்டாம். புல்தரையில் முளைக்கிற சூக்ஸைன் ஸ்ட்ரேடியூமாட்டிகாவைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கல்யாணமே வேண்டாம். கருவுறாமலே விதை போடும், காய் முழுக்கத் தாயின் நகல். அதில் 2,000 நாற்று எடுத்திருந்தால் பெற்றோர் எண்ணிக்கை ஒன்று, மரபு எண்ணிக்கையும் ஒன்று. அதைவிட நீங்கள் தேவலை.

பூஞ்சை பற்றி யாரும் பேசவில்லையே. பெர்னார் 1899-இல் விதை முளைக்கப் பூஞ்சை வேண்டும் என்று கண்டார். நட்சன் 1922-இல் சர்க்கரை கொடுத்தால் பூஞ்சை இல்லாமலே முளைக்கும் என்று காட்டினார். அன்றிலிருந்து ஆய்வகம் எல்லாம் சர்க்கரைதான். சர்க்கரையில் எது முளைக்கிறது என்பதும், காட்டுப் பூஞ்சையோடு எது ஒத்துப்போகிறது என்பதும் ஒரே பட்டியலாக இருக்க வேண்டியதில்லை. தரை ஆர்க்கிட் என்றால் ஒவ்வொரு காயிலும் ஒரு பங்கைப் பூஞ்சையோடு முளைக்க வையுங்கள்: லிட்டருக்கு ஓட்ஸ் மாவு 2.5 கிராம், அகர், அதே இடத்து வேரிலிருந்து பிரித்த டுலாஸ்னெல்லா அல்லது செரட்டோபாசிடியம் பூஞ்சை. பூஞ்சையிலும் ஒன்றை மட்டும் வைத்தால் அதுவும் ஒரு சல்லடை.

கணக்குப்பிள்ளை | ஜூன் 18, காலை 7.30

வேறு மாவட்டத்துச் செடி பற்றிப் பிறகு வருகிறேன் என்றிருந்தேன். 5-ஆம் தேதி எழுதியது கொஞ்சம் கறாராகிவிட்டது. அதே மலையில் இருபது முப்பது செடி இருக்கும்வரை வெளியூர் மகரந்தம் வேண்டாம். பூக்கும் மாதம், வறட்சி தாங்கும் விதம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும், கலந்தால் இரண்டாம் தலைமுறையில் அந்த ஒத்திசைவு குலையலாம். ஆனால் மலையில் மூன்றே செடி, காயெல்லாம் வெறும் உறை என்று வந்துவிட்டால் பக்கத்து மலை மகரந்தம் வைப்பதுதான் புத்தி. அப்போதும் பாதிக் காய் உள்ளூர்க் கலப்பாகவே இருக்கட்டும். இரண்டையும் தனிச் சீட்டில் வளருங்கள், பத்து வருடம் கழித்து எது நிற்கிறது என்று பார்க்க முடியும்.

நிழல்வலை | ஜூன் 20, இரவு 8.50

கடைசிக் கேள்வி. அந்த 84 குடுவை. "எதுவும் இல்லாததற்கு இதாவது மரத்தில் இருக்கட்டும், காட்டில் இருக்கிற 40 செடியோடு கலந்து தானாகச் சரியாகிவிடும்" என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 21, காலை 7.00

சரியாகாது, கெடும். ரைமன், லைக்ரே என்ற மரபியலாளர் இருவரும் 1991-இல் போட்ட கணக்கு இதற்கென்றே இருக்கிறது. அடுத்த தலைமுறையில் பாதி உங்கள் செல்ஃப் நாற்றிலிருந்து, பாதி காட்டின் 40 செடியிலிருந்து என்று வையுங்கள். 0.5-இன் இருமடி வகுத்தல் 1 (செல்ஃபின் ஒரே பெற்றோர்), அதோடு 0.5-இன் இருமடி வகுத்தல் 40. கூட்டித் தலைகீழாக்கினால் 3.9. நாற்பதாக இருந்த கூட்டம் நான்காகிவிட்டது, மரத்தில் செடி எண்ணிக்கை பல மடங்கு கூடியும்கூட. அதுவே வளையக் கலப்பில் 12 பெற்றோர் நாற்று என்றால் 37, ஏறக்குறைய நட்டமில்லை. 24 பெற்றோர் என்றால் 60, காடு முன்னைவிட வளம்.

அகர்அகர் | ஜூன் 21, காலை 8.20

குடுவையைக் குப்பையில் போட வேண்டாம். அதை வைத்துக் கழுவுவது, பதப்படுத்துவது, மரத்தில் கட்டுவது எல்லாம் பழகு. சாகிற சாவெல்லாம் இவற்றில் நடக்கட்டும். மீதியைப் பள்ளிக்கூடத் தோட்டத்துக்குக் கொடு, காட்டிலிருந்து எட்டத்தில். ஒவ்வொன்றிலும் "செல்ஃப், ஒரே காய், காட்டுக்கு அல்ல" என்று அட்டை கட்டு. தாய்ச்செடியின் மீதி விதை இருந்தால் சிலிகா ஜெல்லில் உலர்த்திக் கண்ணாடிக் குப்பியில் ஃபிரிட்ஜில் வை.

நிழல்வலை | ஜூன் 21, இரவு 9.15

அட்டைக்குத் தகரம் வெட்டலாமா, பிளாஸ்டிக்கா? மழையில் எது நிற்கும்?

அகர்அகர் | ஜூன் 21, இரவு 9.25

அலுமினியத் தகடு. ஆணியால் எண்ணைக் குத்து. பிளாஸ்டிக் இரண்டு கோடையில் உதிர்ந்துவிடும். கம்பி வேண்டாம், மீன்பிடி நைலான் நூலால் கட்டு. வேர் தகட்டை மூடிக்கொண்டு வளரும், அதனால் தண்டில் கட்டாதே, மரத்தில் செடிக்கு ஒரு சாண் மேலே.